வடக்கு வீடு குழு, வெள்ளிக்கிழமை மாலை

செல்வி அத்தை: யாராவது வடக்கு வீட்டுக்குப் போன் செய்தீர்களா? நெல் குதிர் பக்கம் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறாராம். அண்ணி அழுகிறாள்.

சரவணன்: இப்போதுதான் பேசினேன் அத்தை. ஒன்றில்லை, இரண்டு பிள்ளைகளாம். ஒன்றுக்குச் சிவப்புப் பாவாடை. அதுகளுக்கும் பால் ஆற்றிக் கொடு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

செல்வி அத்தை: சிவப்புப் பாவாடையா

செல்வி அத்தை: குட்டிமா போன அன்றைக்கு அதைத்தான் கட்டியிருந்தாள். மணிக்கு நினைவிருக்கும்.

மணி சித்தப்பா: செல்வி, அதை இங்கே எழுத வேண்டாம்.

ராஜூ மாமா: வேப்பமரத்தை வெட்டும்போதே சொன்னேன்.

சரவணன்: மரம் வெட்டி 11 வருடம் ஆகிறது மாமா.

ராஜூ மாமா: குணசீலம் கோவிலுக்குக் கூட்டிப் போங்கள். 48 நாள் தங்கட்டும்.

பிரியா: ஞாயிறு காதுகுத்துக்கு வேன் சொல்ல வேண்டும். 17 பேரா, 20 பேரா?

கவிதா: எல்லோரும் ஒரு நிமிடம் இதைப் படியுங்கள், கொஞ்சம் நீளம். பெரியப்பாவுக்கு இருப்பது பார்கின்சன் என்கிற நரம்பு நோய். மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் குறைந்துபோவதால்தான் கை நடுங்குகிறது, கால் இழுக்கிறது. 6 வருடமாகச் சாப்பிடும் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. அவரை நடக்க வைப்பதும் அதுதான், சில நேரம் இல்லாததைக் கண்ணில் காட்டுவதும் அதுதான். அதோடு போன மாதம் நடுக்கத்துக்கென்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மில்லிகிராம் சேர்த்திருக்கிறார்கள், அது அசிடைல்கோலின் என்கிற இன்னொரு மூளை ரசாயனத்தைத் தடுக்கும் மருந்து, வயதானவர்களுக்குக் குழப்பமும் இந்த மாதிரித் தோற்றங்களும் வர அது ஒன்றே போதும். சின்னப் பிள்ளைகள், பூனை, நாய், யாரோ பக்கத்தில் நிற்பது போல, பெரும்பாலும் இப்படித்தான் தெரியும், அதுவும் வெளிச்சம் மங்கும் நேரத்தில். எங்கள் பார்மசிக்கு வருகிறவர்கள் இதே பிள்ளைகளைச் சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறேன். இது காத்து கருப்பு இல்லை, பெரியப்பாவுக்குப் புத்தி கெட்டுவிடவும் இல்லை.

மணி சித்தப்பா: சரி, அப்படியென்றால் இன்றைக்கே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாம்.

கவிதா: ஐயோ அப்பா, கூடவே கூடாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடம்பு கட்டை மாதிரி இறுகிக் காய்ச்சல் ஏறும், உயிருக்கே ஆபத்து. எதைக் குறைப்பது என்று நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை முதலில் மெல்லக் குறைத்து எடுப்பார்கள், லெவோடோபாவைக் கடைசியில்தான் தொடுவார்கள்.

மணி சித்தப்பா: இன்று ராத்திரிக்கு மட்டும் தெருமுனையில் ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்தால்?

கவிதா: தூங்க வைக்கிறேன் என்று ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிட்டால் இருக்கிற டோபமைனும் வேலை செய்யாது, மறுநாள் அவரால் எழுந்து நிற்க முடியாமல் போகலாம். பார்கின்சன் என்று சொல்லாமல் எந்த ஊசியும் வேண்டாம்.

பிரியா: வேன்காரர் முன்பணம் 2000 கேட்கிறார்.

சரவணன்: போட்டுவிடுகிறேன் பிரியா, இரு.

கவிதா: சரவணண்ணா, வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா? சளி மாத்திரை, தூக்க மாத்திரை? சிறுநீர் எரிகிறதா? தண்ணீர் சரியாகக் குடிக்கிறாரா? சிறுநீரில் கிருமி இருந்தாலோ உப்புச் சத்து குறைந்தாலோகூட இப்படி வரும்.

அம்மா: குரல் பதிவு 0:52

சரவணன்: எரிச்சல் இல்லையாம். தண்ணீர்தான் குறைவு. அப்புறம், ராஜூ மாமா கொடுத்த பூனைக்காலிப் பொடி பாலில் கலந்து, காலையும் இரவும், 3 வாரமாக.

கவிதா: எவ்வளவு?

சரவணன்: குழம்புக் கரண்டியில் பாதியாம்.

ராஜூ மாமா: அது நாட்டு மருந்து. பக்கவிளைவு கிடையாது.

கவிதா: மாமா, பூனைக்காலி விதையில் இருப்பதே லெவோடோபாதான். டாக்டர் மில்லிகிராம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற அதே மருந்தை நாம் அதன் மேலேயே கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறோம்.

செல்வி அத்தை: மச்சான் சொன்னால் அந்த வீட்டில் வேதம். எங்களை எதற்குக் கேட்கப்போகிறார்கள்.

ராஜூ மாமா: நடை இலேசாகிவிட்டது என்று அத்தானே சொன்னார் செல்வி. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் வாங்கிக் கொடுத்தேன்.

கவிதா: இலேசாகியிருக்கும் மாமா, அது வேலை செய்கிற மருந்து. அதனால்தான் டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். இரவுப் பாலுக்கு முன்னால் அவருக்குப் போன் செய்து பொடியைப் பற்றியும் சொல்லுங்கள். மாத்திரை அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

செல்வி அத்தை: அப்போது அது குட்டிமா இல்லையா கவிதா?

கவிதா: இல்லை அத்தை.

சரவணன்: அப்பாவிடமே கேட்டேன் அத்தை. நிஜமில்லை என்று தெரிகிறதுடா, ஆனாலும் அதுகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்றார்.

கவிதா: தெரிகிறது என்று சொல்வதே பெரிய விஷயம் அண்ணா. அவரோடு யாரும் வாதாட வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். கூடத்தில் அந்த ஜீரோ வாட்ஸ் பல்பை மாற்றி டியூப் லைட் போடச் சொல்லுங்கள்.

மணி சித்தப்பா: திங்கட்கிழமை டாக்டரிடம் யார் கூட்டிப் போவது? எனக்குக் கோர்ட் இருக்கிறது.

ராஜூ மாமா: நான் போகிறேன். பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். குணசீலத்துக்கு அப்புறம் போகலாம்.

செல்வி அத்தை: நீங்கள் மட்டுமா? கவிதாவும் போகட்டும்.

கவிதா: லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

சரவணன்: டாக்டர் போனை எடுக்கவில்லை. மறுபடியும் போடுகிறேன்.

செல்வி அத்தை: நான் இன்று ராத்திரி அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். குதிர் பக்கம் பாயைப் போட்டுக்கொள்கிறேன்.

பிரியா: பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வருவாரா? அவர் மடியில்தான் பாப்பாவை உட்கார வைக்க வேண்டும். வேன் 20 என்று சொல்லிவிடட்டுமா?