உராகமி நாடுகடத்தல்: யார் முன்னால் தலை குனிவது?

முத்துக்குளி:
நாகசாகியை ஒட்டிய உராகமி கிராமத்துக் கத்தோலிக்கர் 3,394 பேரை, விசுவாசத்தை விடவில்லை என்பதற்காக, 1868-லும் 1870-லுமாக ஜப்பானின் மெய்ஜி அரசு தூர தூர ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது. 1873-ல் கிறிஸ்தவத்தின் மேலிருந்த தடை நீங்கித் திரும்புவதற்குள் 600 பேருக்கு மேல் போன இடத்திலேயே செத்தார்கள். அந்த வருஷங்களை அவர்கள் 'தபி' என்றார்கள். பயணம் என்று பொருள், அவ்வளவுதான். நம் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார் 1549-ல் ககோஷிமாவில் இறங்கிப் போட்ட விதை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, பூசை பத்து நிமிஷம் நீண்டால் வாட்ச் பார்க்கிற நமக்கு வாய் அடைத்துப்போகிறது.

ஊசிமுனை:
3,394 பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். அதில் ஏறக்குறைய 1,000 பேர் விசுவாசத்தை மறுதலித்தவர்கள். 1867-ல் முதலில் பிடிபட்டவர்களை நாகசாகியில் வதைத்தபோது கடைசிவரை அசையாதவர் தககி சென்எமோன் ஒருவர்தான். குனிவதென்றால் அவர் முன்னால் குனியுங்கள்.

தாள்புரட்டி:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே. 1867-ல் விட்டுக்கொடுத்தவர்கள் ஊருக்கு வந்ததும் ஊர்த்தலைவர் வீட்டுக்கே போய், சொன்னதை வாபஸ் வாங்கினார்கள். மறுபடி பிடிப்பார்கள் என்று தெரிந்தே.

விழுந்து எழுவது அவர்களுக்குப் புதிதும் அல்ல. தடைக்காலத்தில் ஒளிந்து, குருவே இல்லாமல் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓட்டிய ஏற்பாட்டைப் பாருங்கள். திருநாள் கணக்கை வைத்திருக்க ஒருவர் (சோகதா), ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர் (மிசுகதா), வீடு வீடாகச் சேதி சொல்ல ஒருவர் (கிகியாகு). வருஷப் பிறப்பில், கிறிஸ்தவர் இல்லை என்று காட்ட, அதிகாரிகள் முன்னால் மாதா படத்தையோ சிலுவைப் படத்தையோ வெறுங்காலால் மிதிக்க வேண்டும். மிதிப்பார்கள். வீட்டுக்கு வந்து 'கொஞ்சிரிசான்' என்ற உத்தம மனஸ்தாப செபம் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லாத இடத்தில் வேறு வழி?

ஓட்டை விழுந்தது வார்த்தையில். லத்தீனும் போர்த்துகீசும் காதுவழியாக வந்ததில் ஞானஸ்நான வாசகம் சில ஊர்களில் தேய்ந்துவிட்டது. 1865-க்குப் பிறகு பிரெஞ்சுக் குருக்கள் ஊர் ஊராக அதை விசாரித்து, சந்தேகம் வந்த இடத்தில் 'முன்பு பெறவில்லை என்றால்' என்ற நிபந்தனையோடு மறுபடி கொடுத்தார்கள்.

ஊசிமுனை:
படத்தை மிதித்தது ஒளிந்து வாழ்ந்த காலம். 1867-ல் சாவுக்குப் புத்தகோயில் குருவைக் கூப்பிட மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னதால்தானே பிடிபட்டார்கள்? வெளியே வந்த பிறகு அளவுகோல் மாறும். நாடுகடத்திய ஊர்களில் ஒன்றான த்சுவானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1868-ல் கொண்டுபோன 28 பேருக்கு முதலில் பாய், நல்ல சோறு, ஷிண்டோ மத ஆட்களின் வாதம். மசியவில்லை என்றதும் சோற்றில் கைவைத்தார்கள். அப்புறம் பனி உறைந்த குளம்: உள்ளே தள்ளி, முகத்தில் தண்ணீர் ஊற்றி, விறைத்ததும் மூங்கில் கழியில் தலைமுடியைச் சுற்றி இழுத்து, விறகுத் தீயில் காய்ச்சுவார்கள். உறைந்த உடம்பில் ரத்தம் திரும்பும்போதுதான் வலி உச்சம். இன்னொன்று மூன்றடிக் கூண்டு. நிற்கவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. அதிலும் மசியாதவனையும் மசிந்தவனையும் ஒன்று என்கிறீர்களா?

முத்துக்குளி:
ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 1870-ல் அதே த்சுவானோவுக்குப் பெண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்தார்களே, எதற்கு? தன் உடம்புக்கு அசையாதவன் பிள்ளையின் பசிக்கு அசைவான் என்ற கணக்கு. அங்கே விட்டுக்கொடுத்த தகப்பனை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்?

தாள்புரட்டி:
திரும்பி வந்தபின் அந்த ஊர் அப்படி நிறுக்கவில்லை. விட்டவர்களில் பலரும் மறுபடி சபையில் சேர்ந்தார்கள். மறு வருஷமே வயிற்றுக்கடுப்பு கொள்ளைநோயாக வந்தது. ஒகயாமா பக்கம் நாடுகடத்தப்பட்டிருந்த இவனகா மாகி என்ற பெண், ஊர்ப் பெண்கள் சிலரோடு நோயாளிகளைப் பார்த்தார்; அனாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். 1880-ல் கோயிலுக்கு என்று வாங்கிய இடம் எது தெரியுமா? அந்த ஊர்த்தலைவர் வீட்டு மனை. வருஷா வருஷம் படத்தை மிதித்த இடம் அது.

ஊசிமுனை:
மனை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். பெயர் சொல்ல வேண்டி வந்தால் சென்எமோனைத்தான் முதலில் சொல்வேன்.

முத்துக்குளி:
சொல்லுங்கள். இரண்டாவதாக, வாபஸ் வாங்க ஊர்த்தலைவர் வீட்டுக்கு நடந்தவர்களை வையுங்கள்.