சீனி இடப்பக்கம், தேன் வலப்பக்கம் காட்டுது: எங்கே பிழை?

கேள்வி (கிளிநொச்சி):
உயர்தரப் பிள்ளைகளுக்காக ஒரு போலாரிமீற்றர் செய்தோம் (கரைசல் முனைவாக்கிய ஒளியை எந்தப் பக்கம், எத்தனை பாகை திருப்புது என்று அளக்கும் கருவி). 20 சென்ரிமீற்றர் பிவிசி குழாய், இரு முனையிலும் தெளிவான பிளாஸ்ரிக், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு போலரோயிட் தாள், வெள்ளை எல்ஈடி ரோச். 20 கிராம் சீனியைக் கரைத்து 100 மில்லிலீற்றராக்கினால் +26.6° வரவேணும். வருவது −20°க்கும் −30°க்கும் இடையில். முழு இருட்டும் இல்லை. நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறம்தான் மாறுது. ஒட்டுசுட்டான் காட்டுத்தேன் அதே அளவில் +6° காட்டுது. தெரிஞ்ச சேர்மார் சொல்லுங்கோ.

பதில் (வவுனியா):
இரண்டும் சேர்ந்து தலைகீழானால் கரைசலில் பிழையில்லை. ரோச் பக்கத்துத் தாளைத் திருப்புறீங்கள் போல. அதை அசையாமல் ஒட்டிவிட்டுக் கண் பக்கத்துத் தாளை மட்டும் திருப்புங்கோ. ஒளியைப் பார்த்தபடி மணிக்கூட்டு முள் போகும் பக்கம்தான் +. குழாயை முன்பின்னாக மாற்றிப் பாருங்கோ, குறி மாறாது. மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்ற கைப்பக்கம் எங்கிருந்து பார்த்தாலும் அதேதான்.

நிறத்துக்குக் காரணம் வெள்ளை ஒளி. நீலம் கூடத் திரும்பும், சிவப்பு குறையத் திரும்பும். எல்லாம் ஒரே கோணத்தில் இருளாது. சீனிக்குரிய 66.5° என்ற பெறுமானம் (10 சென்ரிமீற்றர் குழாயில், மில்லிலீற்றருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் வரும் சுழற்சி; உங்கட 26.6° இதிலிருந்துதான்) சோடியம் மஞ்சளுக்கு, அதாவது 589 நனோமீற்றருக்கு. 590 அளவிலான மஞ்சள் எல்ஈடி போடுங்கோ. மஞ்சள் கடதாசி சுற்றினால் பச்சையும் சிவப்பும் சேர்ந்து வரும். பிளாஸ்ரிக்கும் குழப்பும், கழற்றிவிட்டுக் கண்ணாடி வழுக்கி ஒட்டுங்கோ. வெறும் தண்ணியில் பூச்சியம் குறித்த பிறகு சீனி. 10 கிராமுக்கு 13.3° வந்தால் கருவி சரி.

கேள்வி (கிளிநொச்சி):
சீனி சரி, தேன் இப்ப −6°. ஆனால் தேனில் உள்ள குளுக்கோசு, பிரற்றோசு இரண்டும் டி வகைதானே? ஏன் இடப்பக்கம்?

பதில் (முல்லைத்தீவு):
டி என்பது கிளிசரல்டிகைட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் அமைப்பு. ஒளி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அது சொல்லாது. டி-குளுக்கோசு +52.7°, டி-பிரற்றோசு −92° அளவு. தேனீயின் இன்வேட்டேசு நொதியம் பூந்தேனின் சுக்குரோசை (சீனியும் இதுதான்) இந்த இரண்டாகவும் உடைக்க, பிரற்றோசு வென்றுவிடும். 100 கிராம் தேனில் பிரற்றோசு 38, குளுக்கோசு 31 கிராம் என்று வைத்தால் உங்கள் குழாயில் −7.4° வரும். அது 20 பாகை செல்சியசுக்கு. எங்கட மத்தியான வெக்கையில் பிரற்றோசின் சுழற்சி சுருங்குவதால் ஒரு பாகை குறைந்தால் யோசிக்காதேங்கோ.

உறைந்த தேன் என்றால் கரைத்து ஓர் இரவு வையுங்கோ, அல்லது ஒரு துளி அமோனியா விடுங்கோ. பளிங்குக் குளுக்கோசு +112°இல் தொடங்கி ஆறுதலாகத்தான் 52.7°க்கு இறங்கும்.

கலப்படம் பிடிக்கத்தான் கேட்கிறீங்கள் என்றால்: வெறும் சீனிப்பாணி கலந்த தேன் + பக்கம் சாயும். தேசிக்காய்ப்புளி விட்டுக் காய்ச்சிய பாணி தப்பிவிடும், அதில் சுக்குரோசு ஏற்கெனவே உடைந்திருக்கும். சீனித்தண்ணி குடித்து வளர்ந்த தேனீயின் தேனும் இடப்பக்கம்தான் காட்டும்.