சேப்பாக்கமா, சேர்க்காடா? எம்.எஸ்சி. கணிதத்துக்கு எங்கே சேர்ப்பது

குடியாத்தம் தறிக்காரன்:
என் தங்கை இந்த வருடம் பி.எஸ்சி. கணிதம் முடிக்கிறாள். அவள் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்கும், இங்கே சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத் துறைக்கும் விண்ணப்பம் போட இருக்கிறோம். வீட்டில் தினமும் இதே பேச்சுதான். "சேர்க்காட்டுப் பட்டத்தை யார் மதிப்பார்கள், அங்கே படிக்கிற பசங்க தரமே வேற" என்கிறார் மாமா. அம்மாவுக்குப் பெண்ணைச் சென்னைக்கு அனுப்பவே மனசில்லை. உண்மையிலேயே பெயரிலும் மாணவர் தரத்திலும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?

சேப்பாக்கம் பழைய மாணவன்:
தம்பி, இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, சென்னைதான். 1857-ல் கல்கத்தா, பம்பாயோடு சேர்ந்து தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதுவும் கணிதம் என்றால் கேட்கவே வேண்டாம். 1913-ல், பட்டம்கூட இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்த இடம். அழகப்பச் செட்டியார் 1950-ல் ஆரம்பித்த ராமானுஜன் கணித நிறுவனத்தை 1957-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சேர்க்காடு 2002-ல் வந்தது.

மாணவர் தரம் பற்றிக் கேட்டாய். சேப்பாக்கத்துக்கு எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள், அதில் வடிகட்டி எடுப்பார்கள். நான் அங்கே படித்தபோது பாதிப் பாடம் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது, மீதிப் பாதி பக்கத்து பெஞ்சில் இருந்தவனிடம் சண்டை போட்டுக் கற்றது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் எல்லாம் டவுன் பஸ் தூரம். கருத்தரங்கு என்று காதில் விழுந்தால் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம். அந்தக் காற்று சேர்க்காட்டில் எங்கே கிடைக்கும்?

பாலாற்றங்கரை:
சார், சேப்பாக்கத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் "மாணவர் தரம்" என்ற வார்த்தையை மட்டும் விட முடியாது. இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன்.

2002-க்கு முன்னால் வேலூர் ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசுக் கலைக்கல்லூரி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி எல்லாமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. அப்புறம் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது, பட்டத்தில் முத்திரை மாறியது. அதே வாத்தியார், அதே கரும்பலகை, அதே கே.வி.குப்பத்துப் பிள்ளைகள். முத்திரை மாறிய வருடம் பிள்ளைகளின் மூளையுமா மாறிவிட்டது? அண்ணன் சென்னைப் பட்டம் வாங்கினான், தம்பி அதே வகுப்பறையில் உட்கார்ந்து திருவள்ளுவர் பட்டம் வாங்கினான், அப்படி எத்தனையோ வீடுகள் இங்கே உண்டு. அந்த வீடுகளில் போய்த் தம்பி தரம் கம்மி என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சிஎம்சியில், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது, இப்போது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. சிஎம்சி டாக்டரிடம் "உங்கள் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம்" என்று இந்த ஊரில் யாராவது கேட்டிருக்கிறோமா? எங்கே படித்தார் என்றுதான் பார்க்கிறோம். பாகாயத்தில் இருக்கிற தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் அப்படித்தான், 1990-ல் தொடங்கியது. முதலில் சென்னை, பிறகு அண்ணா. கட்டடம் நகரவே இல்லை.

ராணிப்பேட்டை எச்ஆர்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் ஆளெடுக்கிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நூறு விண்ணப்பம் வரும், ஒவ்வொன்றையும் படிக்க நேரம் இருக்காது. கண் முதலில் போவது பல்கலைக்கழகத்தின் பெயருக்குத்தான். சரியா தப்பா என்பது வேறு, நடப்பது அதுதான். புதுப் பெயரை வட இந்திய மேலாளருக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது, மெட்ராஸ் யுனிவர்சிட்டி என்றால் விளக்கவே வேண்டாம்.

அப்புறம் நிர்வாகம். நான் படித்தது ஒரு புதிய பல்கலைக்கழகம், இந்தப் பக்கம் இல்லை, பெயர் வேண்டாம். ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு எட்டு மாதம் அலைந்தேன். அதற்குள் கையில் இருந்த வேலை போய்விட்டது. பழைய இடத்தில் படித்த நண்பனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

சேப்பாக்கம் பழைய மாணவன்:
அம்மா, கல்லூரிகள் மாறவில்லை என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி கேட்பது பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையைப் பற்றி. இணைவுக் கல்லூரியும் பல்கலைக்கழகத் துறையும் ஒன்றா? துறை என்றால் ஆராய்ச்சி, முனைவர் பட்ட மாணவர்கள், நூலகம். அங்கே வயது பேசும். மத்திய அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் போடுகிற என்ஐஆர்எஃப் தரவரிசையைப் பாருங்கள். 2024-ல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்குத் தனிப் பட்டியல் போட்டபோது முதலிடம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் இருக்கிறது. பழைய வேர் இருக்கிற மரம்தான் காய்க்கும்.

பாலாற்றங்கரை:
அந்தத் தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள் சார். நூற்றுக்கு 30 கற்பித்தலுக்கும் வசதிக்கும், 30 ஆராய்ச்சிக்கு, 20 படித்து முடித்தவர்களின் நிலைக்கு, 10 எல்லாத் தரப்பினருக்கும் இடம் தருவதற்கு, கடைசி 10 "பெர்செப்ஷன்", அதாவது மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. பெயர் இருப்பதற்கே மதிப்பெண். பெயர் இருக்கிறதால் முன்னால் வருகிறது, முன்னால் வருவதால் பெயர் கூடுகிறது. 2002-ல் பிறந்த பல்கலைக்கழகம் இந்த வட்டத்துக்குள் எப்போது நுழைவது?

அண்ணா பல்கலைக்கழகம் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறீர்கள். கிண்டி வளாகமும் அதுதான், ஊர் ஊராக இருக்கிற நானூறுக்கும் மேற்பட்ட இணைவுக் கல்லூரிகளும் அதுதான். முதலிடம் எதற்கு வந்தது? பட்டத்தில் பெயர் எல்லோருக்கும் ஒன்றே. பெயரை வைத்து மாணவரை எடைபோட முடியாது என்பதற்கு நீங்களே உதாரணம் கொடுத்துவிட்டீர்கள்.

பழைய வேருக்கும் இப்போது தண்ணீர் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது, அதன் பிறகு நெடுநாள் அந்த நாற்காலி காலி. நிரந்தர ஆசிரியர் தட்டுப்பாடு பழைய இடம், புதிய இடம் என்று பார்ப்பதில்லை.

மாணவர் தரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பேரணாம்பட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி, தமிழ் வழியில் படித்தவள், முதல் செமஸ்டரில் திடீரென்று வகுப்புக்கு வருவது நின்றுபோனது. வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார், இவள் பக்கத்தில் நூல் கட்டிக்கொண்டிருந்தாள். தூள் கொட்டியிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் கணிதத்தில் வருகிற எல்லையின் (லிமிட்) வரையறையை எழுதி எழுதி அடித்து வைத்திருக்கிறாள், எப்சிலானும் டெல்டாவுமாக. கணக்கு அவளைத் தடுக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த "ஆர்பிட்ரரி" என்ற ஒரே வார்த்தையில் மூன்று நாள் நின்றிருக்கிறாள். "நீ எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் என்னால் தர முடியும், அதுதான் அந்த வார்த்தை" என்றேன். அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்து அடுத்த கணக்கைப் போட்டாள். எம்.எஸ்சி. முடித்து இரண்டாவது தடவையில் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, எழுதித் தேறினாள். அந்தத் தாளில் சேப்பாக்கத்துப் பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரே கேள்விதான்.

அவளைப் பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்திருந்தால் நீங்கள் சொல்கிற வடிகட்டியில் கீழே போயிருப்பாள். உள்ளே வரும்போது இருந்த இடத்துக்கும் வெளியே போகும்போது இருந்த இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எந்தத் தரவரிசை அளக்கிறது?

சேப்பாக்கம் பழைய மாணவன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா, அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்துகள். ஆனால் அவள் தேறியதற்கு நீங்கள் வீடு தேடிப் போனதும் காரணம், எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. ஆசிரியர் சரியில்லாமல் போனாலும் கூடப் படிப்பவர்கள் தூக்கிவிடுகிற இடம் பெரிய வளாகம். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலாற்றங்கரை:
கூடப் படிப்பவர்கள், கருத்தரங்கு, இது இரண்டிலும் சேப்பாக்கம் மேல்தான், மறுக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் போகிற பெண் என்றால் நானே சென்னைக்குத்தான் அனுப்புவேன். பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வு எழுதப் போகிறாள் என்றால், விடுதிச் செலவு போட்டுச் சென்னைக்குப் போவதில் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். தம்பி, அவளுக்கு எதில் ஆசை?

குடியாத்தம் தறிக்காரன்:
கேட்டேன் அக்கா. எண் கோட்பாடு என்கிறாள், பிஎச்.டி. வரைக்கும் போக வேண்டுமாம். இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மா விடுதியை நேரில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டார்.

சேப்பாக்கம் பழைய மாணவன்:
எண் கோட்பாடா! ராமானுஜன் பாடமாயிற்றே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா தம்பி. ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்ட்ரலில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன்.

பாலாற்றங்கரை:
போய் வாருங்கள். ஆனால் சேர்க்காட்டையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், எண் கோட்பாட்டில் வழிகாட்டி யார், போன மூன்று வருடத்தில் எத்தனை பேர் நெட் தேறினார்கள். கேள்வித்தாளையும் வாங்கி வாருங்கள், நான் பார்க்கிறேன். சனிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. காட்பாடி ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டால் சேர்க்காட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன், தங்கையை அவசியம் அழைத்து வாருங்கள்.