பிஎஸ்என்எல் 4ஜி: டவரில் பெட்டி ஏறியாச்சு, சிக்னல் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஊர் டவரில் புது ஆன்டெனாவும் ரேடியோ பெட்டிகளும் மாட்டிவிட்டார்கள். போனில் 4ஜி காட்டவில்லை. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில் 1: முதலில் சிம்மைப் பாருங்க. பழைய 2ஜி/3ஜி சிம் என்றால் டவர் ஓடினாலும் 4ஜி வராது, மாற்றியே ஆகணும்.

அடுத்து நெட்மான்ஸ்டர் ஆப் (போன் பிடிக்கும் சிக்னலின் விவரம் காட்டும்). அதில் இஏஆர்எஃப்சிஎன் எண் (4ஜி அலைவரிசையைக் குறிக்கும் எண்) 9210–9659க்குள் இருந்தால் 700 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 28 என்ற அலைவரிசைப் பிரிவு), 0–599 என்றால் 2100 (பேண்ட் 1). பேண்ட் 28 இல்லாத போன்கள் இன்னும் நிறைய இருக்கு, அதையும் சரிபாருங்க. அதே ஆப் காட்டும் செல் ஐடியை 256ஆல் வகுத்தால் ஈவு டவர் எண், மீதி செக்டர் (டவரின் ஒரு திசைப் பகுதி). 12345601 வந்தால் டவர் 48225, செக்டர் 1. டவர் எண் புதுசா இருந்தா பக்கத்து ஊர் சிக்னல் இல்லை, உங்க டவர்தான் என்று ஓரளவு நம்பலாம்.

பதில் 2: பெட்டி ஏறியும் மாசக்கணக்கில் தாமதமாவது பெரும்பாலும் பேக்ஹாலால்தான் (டவரை நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு). ஃபைபர் வராமல் பழைய மைக்ரோவேவ் இணைப்பிலேயே ஓட்டினால், சிக்னல் முழுசா காட்டும், வேகம் மட்டும் இருக்காது. மின்சாரம் போனதும் சிக்னலும் போனால் பேட்டரி செத்திருக்கு.

பதில் 3: பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்து, எல்டிஇ (அதாவது 4ஜி) மட்டும் என்று வைத்துச் சோதிக்கலாம். வோல்ட்இ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) ஆன் ஆகாவிட்டால் அந்த நேரம் கால் வராது, சோதித்ததும் பழையபடி மாத்திடுங்க.