வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடியில் மகப்பேறு வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் மகப்பேறு பாடம் எடுக்கிறேன். நிர்வாகம் மெட்டா குவெஸ்ட் 3 என்னும் வி.ஆர். கண்ணாடியை வாங்கித் தந்துவிட்டது; அதில் என்ன ஓட்டுவது என்றுதான் தெரியவில்லை.

முக்கியமாகத் தேவைப்படுவது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைச் சமாளிக்கும் பயிற்சி. 500 மில்லியைத் தாண்டினாலே ஆபத்துக் கணக்குதான். ஆனால் லேபர் வார்டில் அப்படி ஆகும்போது மாணவிகளை ஓரமாகத்தான் நிற்கச் சொல்வார்கள். யாரைக் கூப்பிடுவது, அடுத்து எந்த ஊசி என்று பதறாமல் முடிவெடுக்கக் கண்ணாடிக்குள் பழகலாம். கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைக்கும் கைப்பக்குவம் மட்டும் பயிற்சிப் பொம்மையில்தான் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தமிழில் பேசும் நோயாளி உள்ள மென்பொருள் ஏதாவது பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், கண்ணாடி போட்டால் தலைசுற்றுகிறது என்னும் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கோவை, ஈரோடு பக்கம் யாராவது நடத்தினால் ஒரு நாள் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேனுங்க.