ஈரலில் கட்டி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

பென்னாகரத்தான்

எங்கள் சித்தப்பா கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். ஐம்பதைத் தாண்டிய வயசு. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர், குடிப்பழக்கம் கிடையாது. அவர் போன துக்கத்தோடு இன்னொன்றும் எங்களை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்பே ஒரு ரத்ததான முகாமில், "உங்களுக்கு மஞ்சள் காமாலை பி இருக்கிறது, இனி ரத்தம் கொடுக்காதீர்கள்" என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து யாரைப் பார்ப்பது, என்ன பரிசோதனை செய்வது என்று எதுவும் சொல்லவில்லை. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாததால் அவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

வயிறு உப்பி, கால் வீங்கி, ஆள் மெலிந்த பிறகும் முதலில் காமாலை மருந்துதான் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது கட்டி பெரிதாகி, ஈரலுக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, மாத்திரையும் வலி மருந்தும்தான் என்றார்கள்.

நம் இரண்டு மாவட்டத்திலும் இதைக் கடந்து வந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது, என்ன வைத்தியம் நடந்தது என்று எழுதுங்கள். சித்தப்பா பிள்ளைகளையும் அத்தைகளையும் இப்போது நான்தான் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.

காரிமங்கலம் அக்கா

தம்பி, படிக்கவே மனசு கனத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் அதே பி தான். கல்ஃப் வேலைக்கு மெடிக்கல் போனபோது அன்ஃபிட் என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை போச்சே என்று வீடே அழுதது. ஆனால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு குடல், ஈரல் டாக்டரைப் பார்த்தோம். அதுதான் அவரைக் காப்பாற்றியது.

அந்த டாக்டர் முதல் நாளே சொன்னது: "பி வைரஸ் இருப்பவர்களுக்கு ஈரல் சுருங்காமலே கூட கட்டி வரலாம். நீங்கள் நன்றாக இருக்கும்போதே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேனும், ஈரல் கட்டி இருந்தால் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்." ஈரலுக்கு உள்ளே வலி நரம்பு கிடையாதாம், அதன் மேல் உறையில்தான் இருக்கிறதாம். கட்டி பெரிதாகி உறையை இழுக்கும்போதுதான் வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே வலிக்கும். வலிக்கட்டும், பார்க்கலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும் என்றார்.

வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு, ஸ்கேனும் எடுத்துக்கொண்டு வந்தோம். சில வருஷம் கழித்து ஒரு ஸ்கேனில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சின்னப் புள்ளி. ஏ.எஃப்.பி. நார்மல்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தம் நல்லா இருந்தால் கட்டி இல்லை என்று நினைக்காதீர்கள், நிறைய பேருக்கு அது ஏறவே ஏறாது, அதனால்தான் ஸ்கேனும் சேர்த்து எடுக்கச் சொல்கிறோம் என்றார்கள்.

அப்புறம் மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. எடுத்தோம். நல்ல ஈரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகப் போகிறது. இந்தக் கட்டி மட்டும் தமனி ரத்தத்தையே உறிஞ்சி வளர்கிறது. அதனால் கையில் ஏற்றிய மருந்து தமனி வழியாக வரும் நேரத்தில் கட்டி பளிச்சென்று தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகிறது. இந்த அடையாளம் தெளிவாக இருந்ததால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை என்றார்கள். சதை எடுத்தால் பரவிவிடுமோ என்று நான் பயந்து கிடந்தேன், அந்தப் பயமும் போயிற்று.

ஈரல் வேலை நன்றாக இருந்தது, கட்டியும் ஒன்றே ஒன்று. வெட்டி எடுக்கலாம், இல்லையென்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி செலுத்திச் சூட்டால் பொசுக்கலாம் என்றார்கள். பொசுக்கினார்கள். சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் இன்னொரு இடத்தில் மறுபடி வரலாம் என்பதால் ஸ்கேன் நிற்கவே இல்லை. மாத்திரையையும் நாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வைரஸ் திடீரென்று கிளம்பி ஈரலையே சாய்த்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓசூர் மகள்

எங்கள் அம்மாவுக்கு பி வைரஸும் இல்லை, சி வைரஸும் இல்லை. குடி என்றால் அவர் வாசலுக்கே வராது. இருபது வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை, உடம்பும் கனம், ஈரலில் கொழுப்பு. அது மெல்ல மெல்லத் தழும்பாகிச் சுருக்கத்தில் போய் முடிந்து, அங்கே கட்டி வந்தது. "ஈரல் நோயா? வீட்டில் ஒளிந்து குடித்தாரா?" என்று உறவுக்காரர் ஒருவர் அம்மாவின் காதுபடவே கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் மன்னிப்புக் கொடுக்க முடியவில்லை. தயவுசெய்து யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு ஒன்றுக்கு மேல் கட்டிகள் இருந்ததால் பொசுக்க முடியவில்லை. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை ஈரல் வரை கொண்டுபோய், கட்டிக்குப் போகும் கிளையில் மருந்தைச் செலுத்தி அந்தக் கிளையையே அடைத்தார்கள். டேஸ் என்று சொல்வார்கள். மேலே அக்கா எழுதிய தமனிக் கதைதான் இங்கே வைத்தியமாகிறது: கட்டியின் சாப்பாடு நிற்கும், மற்ற ஈரல் போர்ட்டல் ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். செய்த பிறகு சில நாள் காய்ச்சலும் வலியும் குமட்டலும் இருந்தன. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. முழுசாகக் குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அம்மா தன் பேத்தியின் சடங்கைப் பார்த்தார், நன்றாகவே நடமாடினார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான். இப்போது சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வாங்கும் பெரியவர்களுக்கு ஈரலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வயசு, இரண்டு ஈரல் என்சைம் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கை வைத்தே ஈரலில் தழும்பு ஏறியிருக்குமா என்று டாக்டர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பெரிய செலவு இல்லை.

அரூர் விவசாயி

நிலக்கடலை சாப்பிட்டால் ஈரல் புற்று வரும் என்று ஒரு வாட்ஸ்அப் சுற்றுகிறது. நானும் கடலை போடுகிறவன், அதனால் வேளாண்மை அலுவலரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடலை கெடுதல் இல்லை. கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுதான் கெடுதல். 1960இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. அதைத் துருவிப்போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். பி வைரஸ் உள்ளவர் உடம்பில் இந்த நஞ்சும் தொடர்ந்து சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

நம் மானாவாரிக் கடலைக்கு இது ரொம்பப் பொருந்தும். காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து மண் காய்ந்தால் பூமிக்குள்ளேயே பூஞ்சணம் ஏறிவிடும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் அதே கதி. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும் வரை காய வையுங்கள். சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. சொத்தைப் பருப்பு வீணாகிறதே என்று செக்குக்கு அனுப்புவதும், பிண்ணாக்காக்கி மாட்டுக்கு வைப்பதும் நம் ஊரில் வழக்கம். மாடு தின்றால் அதன் ஒரு பங்கு பாலில் இறங்கும். அந்தப் பாலை நம் பிள்ளைதானே குடிக்கிறது.

மொரப்பூர் வாசகர்

எங்கள் ஊரில் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பார்கள், சரியாகியும் போகிறதே. பி உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் போதாதா?

ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன், கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி, ஐயா. கெட்ட தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் ஓய்வெடுத்தால் தானாகவே சரியாகும். அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. பிக்கும் அது கேட்குமா என்று சென்னையிலேயே ஆராய்ந்தார்கள். 1988இல் லான்செட் இதழில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் எழுதிய கட்டுரையில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்ததாக வந்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அந்தக் குழுவில் ஒருவர். நாங்களெல்லாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா! ஆனால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. வைரஸை அடக்கி வைக்க இன்றைக்கு நம்பிக்கையானது டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள்தான். இலை மருந்தை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள், என் மன்றாட்டு அவ்வளவுதான்.

லேபில் உட்கார்ந்திருந்த காலத்தில் என்னை வருத்தியது, பாசிட்டிவ் என்று தெரிந்ததும் வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்குவது. கூட உட்கார்ந்து சாப்பிட்டால், தொட்டால், இருமினால் பி ஒட்டாது. ரத்தம், உடலுறவு, சுத்தம் செய்யாத ஊசி, பொதுச் சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தை, இவைதான் வழி. பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். ஒரே குடும்பத்தில் நாலைந்து பேருக்கு இருப்பதும், நாற்பது ஐம்பது வயசில் கட்டி தெரிவதும் இதனால்தான்.

பென்னாகரத்துத் தம்பி, சித்தப்பாவின் அம்மா, கூடப்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் பி வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏஜி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கூடவே சி வைரஸுக்கும் பாருங்கள். சிக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே முழுசாகக் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தத் திட்டத்தைச் சொல்லியே விசாரியுங்கள். நெகட்டிவ் வந்து, தடுப்பூசியும் போடாதவர்களுக்கு மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம்.

ஊத்தங்கரையிலிருந்து

எங்கள் மாமாவுக்குக் குடியால் ஈரல் சுருங்கி, அதில் கட்டி. சுருக்கம் அதிகமாக இருந்ததால் வெட்டினாலும் மிச்ச ஈரல் தாங்காது, ஈரலையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கும் அளவு இருக்கிறது. 1996இல் இத்தாலியின் மிலான் நகரத்து டாக்டர்கள் வகுத்த கணக்கு: ஒரே கட்டியென்றால் 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டி வரை, ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். மாமாவின் கட்டி அதற்குள் இருந்தது. குடியை நிறுத்தி மாதக்கணக்காக ஆகியிருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர் நிறுத்தியிருந்தார், அது கை கொடுத்தது. பெரிய மகன் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் வளர்ந்துவிட்டது.

பணத்துக்கு என்ன செய்வது என்று மலைத்து உட்காராதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே ஈரல் மாற்று நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இது உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் கார்டை இப்போதே எடுத்து வையுங்கள். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுவது பெரும் பாடு.

பென்னாகரத்தான்

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பா வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை முடிந்தது. பெரிய தங்கைக்கு பாசிட்டிவ். அவள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அழுதுகொண்டே இருக்கிறாள். குழந்தைக்கு என்ன ஆகும் ஐயா?

ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன், கிருஷ்ணகிரி

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போதே தெரிந்தது பெரிய அதிர்ஷ்டம். வைரஸ் அளவு எவ்வளவு என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைதான் அது. பிரசவம் வீட்டிலோ வழியிலோ ஆகாமல் ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்பதை முன்பே முடிவு செய்து, தாய்க்கு பி இருப்பதை மகப்பேறு அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். குழந்தை பிறந்ததும், 24 மணி நேரம் தாண்டாமல், முதல் தடுப்பூசியும் கூடவே வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது, அதனால் எட்டாம் மாதமே கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள். பிறகு 6, 10, 14 வாரத்தில் வழக்கமான ஊசிகள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைக்கு ஒரு வயசு நெருங்கும்போது ஒரு பரிசோதனை. தங்கைக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுப்பதைத் தொடங்கிவிடுங்கள்.