மட்லெட்டில் முதல் அடி: நம்ம கடற்கரைக்காரங்க அனுபவம்

மண்டபம்:

போன மீன்பிடித் தடைக்காலத்துலதான் நான் மட் விளையாட்டுக்குள்ள வந்தேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில. அப்பா திண்ணையில கிழிஞ்ச வலையோட உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்துல பழைய லேப்டாப்போட. தங்கச்சிமடத்து நண்பன் ஒருத்தன்தான் "மட்லெட் இறக்கிப் பாருடா, காசு கிடையாது"ன்னு சொன்னான். மட் விளையாடறதுக்கான மென்பொருள் அது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மட்டுல படமே கிடையாது. நீங்க நிக்கிற இடத்தை எழுத்துல விவரிக்கும், நீங்க கட்டளையை அடிப்பீங்க. 1978-ல எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் ட்ரப்ஷாங்கிற மாணவர் எழுத ஆரம்பிச்சு, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த வகை. உலகம் பூரா ஆளுங்க ஒரே நேரத்துல உள்ள இருப்பாங்க. நம்ம ஊர் சிக்னலுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லைன்னு அடிச்சுச் சொல்வேன். யூடியூப் சுத்திக்கிட்டே நிக்கிற சாயங்காலத்துலயும் இது ஓடும். வந்து போறது நாலு வரி எழுத்துதானே!

மட்லெட்டைத் திறந்ததும் சில விளையாட்டுகளோட பட்டியல் வரும். நான் ஆர்ட்வுல்ஃபை எடுத்தேன். பட்டியல்ல இல்லாத விளையாட்டுன்னா பேர், சர்வர் முகவரி, போர்ட் எண் (அந்த சர்வர்ல நுழையற வாசல் எண் மாதிரி) மூணும் போதும். ஆர்ட்வுல்ஃபுக்கு போர்ட் 4000. ஒண்ணே ஒண்ணு, பாஸ்வேர்டைப் புதுசா வைங்க. டெல்நெட்ங்கிற பழைய இணைப்பு வழியில அது மறைக்கப்படாமலே போகும். மெயிலுக்கோ பேங்குக்கோ வச்சிருக்கிறதை இங்கே போடவே கூடாது.

முதல் மூணு நாள் வழி தெரியாமத் தவிச்சேன். ஒரு அறையில இருந்து வடக்கே போனா கடைத்தெரு, அங்கிருந்து கிழக்கே போனா என்னமோ ஒரு கோயில், திரும்பி வரத் தெரியலை. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "எத்தனை தடவை அதே எடத்துக்கு வருவே? குறிச்சு வைடா"ன்னார். மீன் கணக்கு நோட்டுல பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலால கட்டம் கட்டமாப் போட ஆரம்பிச்சார். வடக்குன்னு எழுதலை. மேல 'வாடை', கீழ 'சோழகம்', வலது பக்கம் 'கொண்டல்', இடது பக்கம் 'கச்சான்'. அவருக்குத் திசைன்னா காத்துதான். "கொண்டல்ல ரெண்டு, வாடையில ஒண்ணு"ன்னு அவர் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா கோயில்ல இருந்து கடைத்தெருவுக்கு ஒழுங்கா வந்து சேர்ந்தேன். மட்லெட்டே வரைபடம் வரையும், தெரியும். ஆனா முதல் வாரம் கையால வரைங்க. அப்பதான் ஊர் மனசுல நிக்கும்.

அந்த ஆசையில நாலு ஆலியஸ், அதாவது நாமளே வச்சுக்கிற கட்டளைச் சொல், போட்டேன். வாடைன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா வடக்கே போற மாதிரி. அங்கேதான் தப்புப் பண்ணினேன். எதை அடிச்சா வேலை செய்யணும்னு எழுதற பேட்டர்ன் கட்டத்துல வெறும் சொல்லை மட்டும் போட்டிருந்தேன். ஒருநாள் கூட விளையாடின ஆளுக்கு "எங்க ஊர்ல இப்ப வாடைக் காத்து"ன்னு பேச்சு அனுப்பினேன். பேச்சு போகவே இல்லை. வரிக்குள்ள அந்தச் சொல் இருந்ததால என் ஆள் வடக்கே நடந்து நேரா ஓநாய்கிட்டப் போய் நின்னுட்டான், செத்தும் போனான். சொல்லுக்கு முன்னாடி தொப்பிக் குறியும் (^) பின்னாடி டாலர் குறியும் ($) போடணும். அப்பதான் அந்தச் சொல்லை மட்டும் தனியா அடிக்கிறப்போ வேலை செய்யும். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

கீழக்கரை:

அண்ணே, எங்க காக்காவுக்கு, அதாவது எங்க அண்ணனுக்கு, கண் பார்வை கிடையாது. மத்த கேமெல்லாம் நாங்க ஆடறதைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே என்விடிஏ வச்சிருந்தாங்க, திரையில வர்ற எழுத்தை வாசிக்கிற இலவச மென்பொருள். மட்லெட் செட்டிங்ஸ்ல புதுசா வர்ற வரியைத் திரை வாசிப்பானுக்குச் சொல்ற வசதியைப் போட்டுக் குடுத்தேன். சண்டை நேரத்துல வரிகள் மளமளன்னு வரும், எனக்குக் கண்ணால படிச்சே பிடிக்க முடியலை. காக்கா வாசிக்கிற வேகத்தைக் கூட்டி வச்சுக்கிட்டு, நான் ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள கட்டளையை அடிச்சிடறாங்க. இப்ப இரவு இஷா தொழுகை முடிஞ்சு வந்தா லேப்டாப் அவங்க கையிலதான். நான்தான் வழி கேட்கிறேன்.

தொண்டி:

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. உள்ள தமிழ்லயே அடிச்சுப் பேச முடியுமா?

மண்டபம்:

தம்பி, மட்லெட் செட்டிங்ஸ்ல என்கோடிங்கை (எழுத்தைக் கம்ப்யூட்டர் குறிச்சு அனுப்புற முறை) தமிழும் வர்ற யுடிஎஃப்-8-க்கு மாத்தலாம். ஆனா எதிர்ப்பக்க சர்வரும் தமிழ் எழுத்தை ஏத்துக்கணும், பழைய விளையாட்டுகள் நிறைய ஏத்துக்காது, கேள்விக்குறியா வந்து நிக்கும். இங்கிலீஷைப் பார்த்துப் பயப்படாதே. லுக், நார்த், ஸ்கோர், இன்வென்டரி, ஹெல்ப்னு பத்துச் சொல்லுல முதல் வாரம் ஓடிடும். திசைக்கு முதல் எழுத்து மட்டும் அடிச்சாலே நடக்கும். நோட்டு ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டு, புரியாத சொல்லை ஓரத்துல எழுதிட்டு வா. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு நான் உள்ள இருப்பேன், பேரைத் தனிச்செய்தியில அனுப்பு, கடைத்தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்.